இறக்கைக்குள் ஓடும் ஒயர்

விஸ்கான்சின் மாநிலத்தில் அலமாரியும் சமையலறை மேடையும் செய்து பிழைத்த தச்சர் ஒருவர் சொந்தமாக ஒரு விமானம் கட்டத் தொடங்கினார். அவருக்கு அலுமினியம் பிடிபட அதிக காலம் ஆகவில்லை. தகடு வெட்டுவது, ஓட்டையின் பிசிறை வழிப்பது, ரிவெட் அடிப்பது எல்லாமே கைப்பழக்கம். வெளிப்பக்கம் ஒருவர் ரிவெட் துப்பாக்கியைப் பிடிக்க, உள்பக்கம் இன்னொருவர் இரும்புக் கட்டையை முட்டுக் கொடுக்க வேண்டும். அந்த முட்டுக் கொடுக்கும் வேலையை அவர் மனைவி செய்தார். ரிவெட் சரியாக உட்கார்ந்ததா என்பது பார்த்த உடனே தெரிந்துவிடும். கோணிப்போயிருந்தால் துளை போட்டு எடுத்துவிட்டு வேறொன்று அடிக்கலாம். வால், இறக்கை, உடல் என்று கார் நிறுத்தும் கொட்டகையில் ஒவ்வொன்றாக உருவம் எடுத்தன. ஒயரிங் வந்ததும் வேலை நின்றது.

பெட்டிக்குள் வெள்ளை ஒயர் சுருள் சுருளாகக் கிடந்தது. எங்கே தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. வீட்டில் சுவிட்ச் மாற்றத் தெரியும், காரில் ஃபியூஸ் மாற்றத் தெரியும். அதற்கு மேல் மின்சாரம் அவருக்கு அந்நியம். மரத்தில் வெடிப்பு இருந்தால் விரலே சொல்லிவிடும். ஒயரில் இருக்கும் குறை விரலுக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. பல வருடம் கழித்து இப்போது அந்த விமானத்தைப் பற்றிப் பேசும்போது, இறக்கை கட்டியதைப் பற்றி அவர் இரண்டு வாக்கியம்தான் சொல்கிறார். ஒயரிங் பற்றி ஆரம்பித்தால் ஒரு மாலைப் பொழுது போய்விடும்.

அவர் கட்டியது ஆர்வி-7. ரிச்சர்ட் வான்க்ரன்ஸ்வன் 1973-இல் ஆரிகன் மாநிலத்தில் தொடங்கிய வான்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் வடிவமைப்பு. இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். தகடுகளில் ஓட்டைகள் முன்கூட்டியே போடப்பட்டு வரும். ஓட்டைக்கு ஓட்டை பொருத்தினால் இறக்கை தானே நேராக அமையும். இந்த நிறுவனத்தின் வடிவமைப்புகளில் கொட்டகைகளிலும் ஹேங்கர்களிலும் கட்டப்பட்டுப் பறந்தவை 10,000-ஐத் தாண்டிவிட்டன. ஆனால் உடலுக்குக் கிடைக்கும் அந்த நிச்சயம் ஒயரிங்குக்குக் கிடையாது. பொதுவான மாதிரி ஒன்று கிடைக்கும். அதற்குப் பிறகு எந்தக் கருவி வைக்கிறீர்கள், இரவில் பறப்பீர்களா, மேகத்துக்குள் போவீர்களா என்பதைப் பொறுத்து ஒவ்வொரு விமானத்தின் உள்ளும் வேறு வேறாக இருக்கும். ஒரே மாதிரி தோன்றும் இரண்டு ஆர்வி-7-களின் கருவிப் பலகைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் அவை இரண்டு வெவ்வேறு மனிதர்களின் மூளை.

யாராவது ஒயரிங் ஆளை வைத்து முடித்துவிடலாமே என்று அக்கம்பக்கத்தார் கேட்டார்கள். சட்டம் அதைத் தடுக்கவில்லை. அமெரிக்க விமான விதிகளில் 21.191 என்ற பிரிவு, விமானத்தின் பெரும்பகுதியைக் கட்டியவர்கள் சொந்தக் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ அதைச் செய்திருக்க வேண்டும் என்று கேட்கிறது. பேச்சுவழக்கில் இதை 51 சதவீத விதி என்பார்கள். மிச்சத்துக்குக் கூலி கொடுத்து ஆள் வைக்கலாம். அவர் வைக்கவில்லை. மூவாயிரம் அடி உயரத்தில் ஏதாவது அணைந்துபோனால், அந்த ஒயர் எங்கிருந்து எங்கே போகிறது என்று தெரிந்த ஆள் விமானத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அதில் அவர் சொன்னதே சரி என்று தோன்றுகிறது.

படிக்க இடம் இருந்தது. பால் போபரெஸ்னி 1953-இல் மில்வாக்கியில் தொடங்கிய இஏஏ என்ற சோதனை விமானச் சங்கம் இப்போது அதே மாநிலத்தின் ஆஷ்காஷில் இருக்கிறது. ஒவ்வொரு கோடையிலும் அங்கே நடக்கும் விமானத் திருவிழாவில் வேடிக்கை பார்க்க வருகிற கூட்டம் ஒருபக்கம். கூடாரங்களுக்குள் உட்கார்ந்து ஈயம் வைக்கவும் துணி ஒட்டவும் வெல்டிங் செய்யவும் கற்கிற கூட்டம் இன்னொரு பக்கம். சங்கம் வார இறுதிகளில் ஒயரிங் பயிலரங்கும் நடத்துகிறது. அவர் ஒன்றில் சேர்ந்தார். பல் மருத்துவர், லாரி ஓட்டுநர், கணக்குத் தணிக்கையாளர் என்று கலந்துகட்டிய வகுப்பு. மேசை மேல் ஆளுக்கொரு பலகை, பேட்டரி, இரண்டு விளக்கு, கொஞ்சம் ஒயர்.

முதல் பாடம் ஒயரின் முனையில் லக்கு என்ற உலோக இணைப்பை அழுத்துவது. கேட்பதற்குச் சின்ன வேலை. விமானத்தில் பெரும்பாலான ஒயர் 22-ஆம் எண். எண் கூடக் கூட ஒயர் மெலியும். உள்ளே செம்பு ஒரே கம்பியாக இருக்காது, வெள்ளீயம் பூசிய 19 மெல்லிய இழைகளாக இருக்கும். ஒயரின் தோலை ஏறக்குறைய கால் அங்குலம் உரிக்க வேண்டும். உரிக்கும்போது ஓர் இழைகூட வெட்டுப்படக் கூடாது. வெட்டுப்பட்ட இழை அன்றைக்கு வேலை செய்யும். எஞ்சின் அதிர்வில் சில நூறு மணி நேரம் ஆடிய பிறகு முறியும். உரித்த முனையைச் சிவப்பு நிற லக்குக்குள் விட்டு, பல்சக்கரம் வைத்த இடுக்கியால் அழுத்த வேண்டும். அந்த இடுக்கி முழுதாக அழுந்தும் வரை வாய் திறக்காது. பாதியில் கை தளர்ந்தாலும் விடாது. அழுத்தம் இரண்டு இடத்தில் விழுகிறது. ஓரிடம் செம்பைப் பிடிக்கிறது, இன்னோரிடம் ஒயரின் தோலைப் பிடிக்கிறது. தோலைப் பிடிக்கும் இடம்தான் அதிர்வைத் தாங்குகிறது என்று ஆசிரியர் சொன்னபோது தச்சருக்கு உடனே புரிந்தது. மூட்டின் உறுதி மூட்டில் மட்டும் இல்லை, அதற்கு அடுத்த விரற்கடையிலும் இருக்கிறது என்பது அவர் தொழிலிலும் உண்டு.

பிறகு எல்லோரையும் தாங்கள் அழுத்திய லக்கைப் பிடித்து இழுக்கச் சொன்னார்கள். வகுப்பில் ஒருவர் கடையில் கிடைக்கும் சாதா இடுக்கியால் அழுத்தியிருந்தார். பார்க்க நேர்த்தியாக இருந்தது. இழுத்ததும் ஒயர் கையோடு வந்துவிட்டது. நல்ல இடுக்கியால் அழுத்தியதை ஆசிரியர் கம்பத்தில் கட்டி இழுத்தார். ஒயர் அறுந்தது, லக்கு விடவில்லை. கருவிகளின் பின்னால் செருகும் சின்ன ஊசிகளுக்கு வேறு இடுக்கி. அது நான்கு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் குத்துகிறது. ஊசியின் பக்கவாட்டில் மயிரிழை போன்ற ஒரு துளை இருக்கிறது. அதன் வழியே பூதக்கண்ணாடியால் பார்த்தால் செம்பு இழைகள் மின்ன வேண்டும். மின்னவில்லை என்றால் ஒயர் அடிவரை போகவில்லை. அந்தத் துளையைப் பற்றிச் சொல்லும்போது அவர் இன்னும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஏதோ ஒன்றை வெளிச்சத்துக்கு உயர்த்திப் பிடிக்கிறார்.

ஈயம் வைத்தால் இதைவிட உறுதியாக இருக்காதா? புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது. உருகிய ஈயம் இழைகளுக்குள் ஏறி, ஒயரைக் கொஞ்ச தூரத்துக்கு விறைப்பான கம்பியாக்கிவிடுகிறது. விறைப்பு முடிந்து நெகிழ்வு தொடங்கும் இடத்தில் அதிர்வு வேலை செய்கிறது, அங்கேதான் முறியும். அந்த இடத்துக்குத் தாங்கல் கொடுத்தால் ஈயமும் நல்ல இணைப்புதான். தாங்கல் கொடுக்க மறக்கிறவர்கள்தான் அதிகம்.

ஒயரின் வெள்ளைத் தோலைப் பற்றியும் அங்கேதான் தெரிந்தது. அது இடிஎஃப்இ என்ற பொருள், டெஃப்ஸெல் என்று வணிகப் பெயர். 150 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். வீட்டு ஒயரின் பிவிசி எரிந்தால் கரும்புகை கக்கும், சின்ன விமானி அறையில் அந்தப் புகை ஒன்றே போதும். ஒயர் விஷயத்தில் விமான உலகம் கண்டிப்பாக இருப்பதற்குப் பின்னால் பெரிய துயரங்கள் இருக்கின்றன. 1998 செப்டம்பர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து ஜெனீவா புறப்பட்ட ஸ்விஸ்ஏர் 111, கனடாவின் நோவா ஸ்கோஷியா அருகே கடலில் விழுந்து 229 பேர் இறந்தார்கள். விமானி அறைக் கூரைக்கு மேலே ஒயரில் எழுந்த பொறி, பக்கத்தில் இருந்த காப்புப் போர்வையைப் பற்றவைத்தது என்ற முடிவுக்குக் கனடா விசாரணையாளர்கள் வந்தார்கள். அந்த மாதிரிப் பொறிகளை அன்றைய பிரேக்கர்களால் உணர முடியவில்லை என்பதையும் அறிக்கை சொன்னது. அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1996 ஜூலை 17 அன்று, லாங் ஐலண்ட் அருகே டிடபிள்யூஏ 800-இன் நடு எரிபொருள் தொட்டி வெடித்து 230 பேர் இறந்தார்கள். தொட்டிக்கு வெளியே ஒயர்கள் ஷார்ட் ஆகி, எரிபொருள் அளவு காட்டும் ஒயர் வழியாக மிகை மின்னழுத்தம் உள்ளே போயிருக்கலாம் என்பதே விசாரணை கண்ட சாத்தியங்களில் முதலானது.

இந்த இரண்டையும் படித்த பிறகு அவர் ஒயர் ஓடும் பாதையைப் பார்த்த பார்வையே மாறியது. அலுமினியத் தகட்டின் ஓட்டை விளிம்பு கத்தி மாதிரி. அதன் வழியே ஒயர் போனால் ரப்பர் வளையம் கட்டாயம். ஒயர் எதன் மீதும் உரசக் கூடாது. எரிபொருள் குழாயோடு சேர்த்துக் கட்டக் கூடாது. பிளாஸ்டிக் டை போட்டு நறுக்கினால் நறுக்கிய முனை பிறகு வேலை செய்யும் கையைக் கிழிக்கும் என்பதால், மெழுகு பூசிய தட்டை நூலால் ஒயர்க் கட்டைக் கட்டும் பழைய முறைக்குப் போனார். ஒவ்வொரு முடிச்சும் தனித்தனி. தச்சுவேலைக்காரருக்கு அதில் தனிச் சந்தோஷம். பலகையின் பின்புறம் இப்போதும் அந்த முடிச்சுகள் வரிசையாக நிற்கின்றன, ஒன்றுகூட நழுவவில்லை.

கைவேலை வந்துவிட்டது. தலைவேலைதான் பாக்கி இருந்தது. அங்கே அவருக்கு உதவியது கான்சாஸ் மாநிலத்து பாப் நக்கல்ஸ் எழுதிய ஏரோஎலெக்ட்ரிக் கனெக்‌ஷன் என்ற புத்தகம். வீட்டில் விமானம் கட்டுகிறவர்களின் மேசைகளில் டோனி பிஞ்ஜெலிஸின் புத்தகங்களோடு இதுவும் கிடக்கும். நக்கல்ஸ் சொல்லிக்கொடுப்பதன் அடிப்படை எளிது. எந்த உறுப்பும் ஒருநாள் கெட்டுப்போகும். உயர்ந்த விலைக்கு வாங்கினாலும் கெட்டுப்போகும். ஆகவே கெடாத உறுப்பைத் தேடி அலைவதை விட்டுவிட்டு, அது கெட்ட பிறகும் விமானி நிதானமாக வீடு வந்து சேரும்படி ஒயரிங்கை அமைக்க வேண்டும்.

அதற்கு முதலில் தாளில் வரைய வேண்டியிருந்தது. மேசை செய்யும்போது வரைபடத்தைத் தலைக்குள் வைத்துக்கொண்டே வேலை செய்து பழகியவர் அவர். இங்கே அது நடக்காது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பக்கம், ஒவ்வொரு ஒயருக்கும் ஓர் எண், அதன் தடிமன், ஃபியூஸின் அளவு, அது கெட்டால் என்ன நடக்கும் என்று ஒரு வரி. அந்தக் கடைசி வரியை எழுதும்போதுதான் மின்சாரம் தனக்குப் புரியத் தொடங்கியது என்கிறார்.

உதாரணத்துக்கு ஃபியூஸ். ரேடியோவைக் காப்பாற்றத்தான் ஃபியூஸ் என்று அதுவரை நினைத்திருந்தார். பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை. 22-ஆம் எண் ஒயருக்கு 5 ஆம்பியர் ஃபியூஸ் என்று அமெரிக்க விமானத் துறையின் கையேடு அட்டவணை போட்டுக் கொடுக்கிறது. எங்கேயாவது ஒயர் உரசி உடலைத் தொட்டால், தோல் உருகுவதற்கு முன்னால் ஃபியூஸ் போய்விட வேண்டும். ரேடியோ தன் பிழைப்பைத் தானே பார்த்துக்கொள்ளும்.

இறக்கையில் தரையிறங்கும் விளக்கு 100 வாட். மின்னழுத்தம் 14 வோல்ட், அப்படியென்றால் சுமார் 7 ஆம்பியர். 22-ஆம் எண் ஒயரில் ஓர் அடிக்கு 0.016 ஓம் மின்தடை. பலகையிலிருந்து 13 அடி ஓடினால் 0.21 ஓம். 7-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய ஒன்றரை வோல்ட் விளக்குக்குப் போய்ச் சேராமல் ஒயரிலேயே சூடாகிவிடும். கையேடு தொடர்ந்து எரிவதற்கு அனுமதிப்பது அரை வோல்ட். 14-ஆம் எண் ஒயர் போட்டால் இழப்பு ஏறக்குறைய கால் வோல்ட்டாகக் குறைந்துவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் ஓம் விதி படித்து மறந்தவருக்கு அது இறக்கைக்குள் போகிற தடித்த ஒயராகத் திரும்பக் கிடைத்தது. திரும்பி வரும் பாதைக்குத் தனி ஒயர் தேவையில்லை, அலுமினிய உடலே எர்த். பர்ட் ரூட்டனின் லாங்-ஈஸி போன்ற ஃபைபர் விமானம் கட்டுகிறவருக்கு அந்த வசதி இல்லை. அவர் ஒவ்வொரு விளக்குக்கும் போக ஒன்று, வர ஒன்று என்று இரட்டை ஒயர் இழுக்க வேண்டும்.

எர்த் சில இடத்தில் தொந்தரவும் தருகிறது. ஆல்டர்னேட்டரின் மின்னோட்டமும் ஹெட்செட்டின் மெல்லிய சமிக்ஞையும் உடலின் ஒரே பகுதி வழியாகத் திரும்பினால், எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்குகிற ஒரு விசில் காதுக்குள் கேட்கும். அதனால் ஹெட்செட் செருகும் இடத்தில் உலோகம் உடலைத் தொடாதபடி நைலான் வாஷர் போட்டு, அதன் எர்த்தைத் தனி ஒயராக ரேடியோ பெட்டிக்கே கொண்டுபோக வேண்டும். வாஷர் சில்லறைக் காசு. அதைப் போடாமல் கட்டிமுடித்துவிட்டு, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பலகையைப் பிரித்துப் போடுகிறவர்களை அவர் சங்கக் கிளையில் நிறையப் பார்த்திருக்கிறார்.

மேக்னெட்டோ அவரை உலுக்கியது. அவருடைய லைகமிங் எஞ்சினில் பொறி கொடுக்க இரண்டு மேக்னெட்டோக்கள். பேட்டரியோடு அவற்றுக்குச் சம்பந்தமே இல்லை. தாமே மின்சாரம் உண்டாக்கிக்கொள்கின்றன, ஆகவே விமானத்தின் மொத்த மின்சாரமும் போனாலும் எஞ்சின் ஓடும். நிறுத்துவதற்குத்தான் ஒயர் வேண்டும். சுவிட்ச் மூடும்போது மேக்னெட்டோ எர்த் ஆகி அணைகிறது. அந்த ஒயர் அறுந்தால் சுவிட்ச் ‘ஆஃப்’ என்று காட்டும், மேக்னெட்டோ உயிரோடு இருக்கும். ஹேங்கரில் நிற்கும் விமானத்தின் புரொப்பெல்லரை யாரோ ஒரு குழந்தை பிடித்துத் திருப்பினால் எஞ்சின் ஓர் உதை உதைக்கலாம். அதை வரைந்து முடித்த இரவு அவர் மனைவியைக் கொட்டகைக்குக் கூப்பிட்டு, “சாவி யார் கையில் இருந்தாலும் சரி, இதை நாம் தொடக் கூடாது” என்றார். புரொப்பெல்லரில் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டினார்.

பேட்டரி மட்டும் மிஞ்சினால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அவர் அமைத்த விடை இப்படி: ஆல்டர்னேட்டர் செத்துப்போனால் வீடு சேர எது எது தேவை என்று பட்டியல் போட்டார். ஒரு ரேடியோ, டிரான்ஸ்பாண்டர், முதன்மைத் திரை, பலகை விளக்கு. இவற்றைத் தனிக் கிளையில் சேர்த்தார். சாதாரணமாக அந்தக் கிளைக்கு மின்சாரம் பெரிய கிளையிலிருந்து ஒரு டையோடு வழியாக வரும். அவசரத்துக்குப் பேட்டரியிலிருந்து நேராக இன்னொரு வழி, அதற்கொரு சுவிட்ச். கிணற்றுக் குழாயின் ஃபுட் வால்வு போல டையோடு ஒரு பக்கம் மட்டுமே விடுவதால், பேட்டரியின் மின்சாரம் பெரிய கிளைக்குத் திரும்பி ஓடி வீணாகாது. கொட்டகையில் எஞ்சினை ஓட்டாமல் அந்தக் கிளையை மட்டும் போட்டுவிட்டு, மல்டிமீட்டரும் கடிகாரமுமாக உட்கார்ந்து பார்த்தார். 16 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்கியது. விமானத்தின் கையேட்டில் இரண்டு மணி நேரம் என்று எழுதினார், பேட்டரிக்கும் வயதாகும் என்பதால்.

சங்கத்தின் தொழில்நுட்ப ஆலோசகர்கள் என்று சிலர் இருக்கிறார்கள். சம்பளம் வாங்காமல் கொட்டகை கொட்டகையாகப் போய் மற்றவர்கள் கட்டுவதைப் பார்த்துச் சொல்கிற அனுபவசாலிகள். அவரிடம் வந்தவர் ஓய்வுபெற்ற விமான மெக்கானிக். உள்ளே வந்ததும் விமானத்தைப் பார்க்கவில்லை, “உங்கள் வரைபடத்தைக் கொடுங்கள்” என்றார். பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, ஏதோ ஓர் எண்ணைச் சொல்லி, அந்த ஒயரைக் காட்டச் சொன்னார். தச்சர் கருவிப் பலகைக்குக் கீழே தலையை விட்டு விரலை வைத்தார். மெக்கானிக் டார்ச்சடித்துப் பார்த்து, ஒயரில் சுற்றியிருந்த எண்ணைப் படித்து, அடுத்த எண்ணைச் சொன்னார். மத்தியானம் முழுக்க இப்படியே போனது. இரண்டு இடத்தில் தாங்கல் கூடுதலாக வைக்கச் சொல்லிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார்.

அரசு ஆய்வாளர் வந்து சான்றிதழ் கொடுத்தார். விமானி அறைப் பக்கம் ‘எக்ஸ்பெரிமென்டல்’ என்று 2 அங்குல எழுத்தில் ஒட்டிய பிறகு சோதனைப் பறத்தல்கள் தொடங்கின. சான்றுபெற்ற எஞ்சினும் புரொப்பெல்லரும் இருந்ததால் ஒதுக்கப்பட்ட வட்டாரத்துக்குள் 25 மணி நேரம், பயணி இல்லாமல். அந்த நேரத்திலேயே ஒருநாள், ஓடுதளத்துக்கு நேர் மேலே, வேண்டுமென்றே ஆல்டர்னேட்டரை அணைத்தார். எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பெரிய கிளையை அணைத்து அவசரச் சுவிட்சைப் போட்டார். திரை இமைக்கக்கூட இல்லை. ரேடியோவில் கூப்பிட்டார், பதில் வந்தது.

முதன்மையாகக் கட்டியவர் கேட்டால் அந்த ஒரு விமானத்துக்கு மட்டும் பழுதுபார்ப்பாளர் சான்றிதழ் கிடைக்கும். வருடாந்தரச் சோதனையை அவரே செய்து கையெழுத்துப் போடலாம். அவர் வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு வருடமும் குளிர்காலத்தில் பலகையைத் திறந்து லக்குகளை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்துப் பார்க்கிறார்.

2020 ஜனவரி 1 முதல் அமெரிக்காவின் நெரிசலான வான்பகுதிகளில் பறக்கும் விமானங்கள் தங்கள் இருப்பிடத்தை ஏடிஎஸ்-பி கருவி மூலம் தாமே ஒலிபரப்ப வேண்டும் என்று விதி வந்தபோது, பலர் விமானத்தைப் பழுதுக்கடையில் விட்டு வரிசையில் காத்திருந்தார்கள். அவர் அலமாரியிலிருந்து பழைய வரைபடக் கட்டை எடுத்து மேசையில் விரித்தார். அவசரக் கிளையில் ஒரு ஃபியூஸ் இடம் காலியாக விட்டிருந்தார். பக்கத்தில் ‘பின்னால் வருவதற்கு’ என்று பென்சிலில் எழுதியிருந்தது. கூடுதல் சுமையைக் கூட்டிப் பார்த்தார், பேட்டரி தாங்கும் நேரம் கொஞ்சம் குறைந்தது, கையேட்டில் திருத்தினார். புதிதாக ஒரு பக்கம் வரைந்து, ஒயருக்கு அடுத்த எண்ணைக் கொடுத்து, இடுக்கியை எடுத்தார். வேலை முடிந்து ஒருமுறை பறந்து வந்த பிறகு, பறத்தலின் தரவுகளைச் சோதித்துத் தரும்படி விமானத் துறையிடம் கேட்டார். அந்தச் சேவை இலவசம். அறிக்கை மின்னஞ்சலில் வந்தது. சிவப்பில் குறித்துக் காட்டியது எதுவும் இல்லை. அதை அச்செடுத்துப் புதிய பக்கத்துக்குப் பின்னால் சேர்த்துவைத்தார்.